கரண்ட் இல்லாத கேம்ப்கிரவுண்டுல சிபேப் மெஷின ராத்திரி முழுக்க ஓட்டுறது எப்படி? முழு வழிகாட்டி

கலிபோர்னியாவுல இருக்குற யோசெமிட்டி பார்க்ல எந்த கேம்ப்கிரவுண்ட் புக் பண்ணாலும் ஆர்வி ஹூக்கப், அதாவது வண்டி வீட்டுக்கு கரண்ட் குடுக்குற கனெக்ஷன், கிடையாது. பிளக் பாயிண்ட் பாத்ரூம்ல வேணா ஒண்ணு இருக்கும், டென்ட் பக்கத்துல இருக்காது. எனக்கு ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்துல மூச்சு அடிக்கடி நின்னு போற வியாதின்னு கண்டுபிடிச்சு, குழாய் வழியா காத்த அழுத்தி உள்ள தள்ளுற சிபேப் மெஷின மாட்டிவிட்ட பிறகு மூணு வருஷம் நான் கேம்பிங் பக்கமே தலை வச்சுப் படுக்கல. எங்க சான் பிரான்சிஸ்கோ பே ஏரியா கூட்டம் லாங் வீக்கெண்ட் வந்தா டென்ட், கூலர், தோசை மாவு டப்பான்னு கெளம்பும், நான் "முதுகு வலி"ன்னு சொல்லிட்டு வீட்லயே இருந்துடுவேன், மூக்குல குழாய மாட்டிக்கிட்டு பத்து பேருக்கு நடுவுல படுக்கணுமேன்னு கூச்சம் ஒரு பக்கம், கரண்டுக்கு எங்க போறதுன்னு தெரியாதது இன்னொரு பக்கம். அப்புறம் 2019 அக்டோபர்ல காட்டுத்தீ பயத்துல வடக்கு கலிபோர்னியாவுல லட்சக்கணக்கான வீட்டுக்கு கரண்ட நிறுத்தினாங்கல்ல, அதுல எங்க வீடும் மாட்டிச்சு, ரெண்டு ராத்திரி மெஷின் இல்லாம தூங்கி எந்திரிச்சு தலை பாறாங்கல்லு மாதிரி கனத்தப்பதான் ஒரு பேட்டரி வாங்கினேன். வீட்ல ஓடுற பேட்டரி காட்டுல ஓடாதா என்ன, அப்படித்தான் ஆரம்பிச்சது.

இப்ப நாலஞ்சு வருஷமா போயிட்டு இருக்கேன், நடுவுல சொதப்பினதும் உண்டு. அந்த அனுபவத்துல தெரிஞ்சத எல்லாம் வரிசையா எழுதுறேன். நெறைய பேரு நேரா "எந்த பேட்டரி வாங்கலாம்"னுதான் கேக்குறாங்க, அது நாலாவதா வர்ற கேள்விங்க, மொதல்ல வேற வேலை இருக்கு.

படி 1: உங்க மெஷின் எவ்ளோ குடிக்குதுன்னு அளந்து பாருங்க

மெஷினோட அடாப்டர்ல 90 வாட்னு போட்டிருக்கும். அத பாத்துட்டு 90 பெருக்கல் 8 மணி நேரம், 720 வாட்-ஹவர், அய்யய்யோ மூணு ராத்திரிக்கு 2000த்துக்கு மேல வேணுமேன்னு கணக்கு போட்டு ஆயிரக்கணக்குல டாலர் செலவு பண்ணி தூக்க முடியாத ஒரு பெட்டிய வாங்கிடுவாங்க. அந்த 90ங்கிறது அடாப்டரால அதிகபட்சம் குடுக்க முடிஞ்ச அளவு, மெஷின் எடுத்துக்குற அளவு இல்ல. ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஹார்டுவேர் கடையில கில்-எ-வாட் மாதிரி ஒரு பிளக் மீட்டர் இருபது முப்பது டாலருக்குள்ள கிடைக்கும். சுவத்துல அத சொருகி, அதுல மெஷின சொருகி, வழக்கமா எப்படி தூங்குவீங்களோ அப்படியே தூங்குங்க, காலைல மீட்டர்ல கிலோவாட்-ஹவர் பட்டன அமுக்கி பாருங்க. என்னோடது ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10, பிரஷர் 9 பக்கம் நிக்கும். மொத ராத்திரி ஹியூமிடிஃபையர் (காத்துல ஈரம் சேக்குற சுடு தண்ணி டப்பா) 5ல, ஹீட்டட் டியூபும் ஆன்ல, எட்டு மணி நேரத்துக்கு மீட்டர் காட்டினது 0.27, அதாவது 270 வாட்-ஹவர். அடுத்த ராத்திரி ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டு படுத்தேன், காலைல பாத்தா 0.07. மீட்டர் கெட்டுப்போச்சோன்னு நெனச்சு மூணாவது நாளும் போட்டு பாத்தேன், அதே 0.07 தான்.

அன்னிக்கு ராத்திரி லைட்ட அணைச்சுட்டு கட்டில் பக்கத்துல தரையில உக்காந்து மாஸ்க்க மாட்டிக்கிட்டு அந்த மீட்டரயே பாத்துட்டு இருந்தேன். மூச்ச இழுத்தா 10, 11ன்னு ஏறுது, விட்டா 7க்கு எறங்குது, திரும்ப ஏறுது. இந்த மெஷின்ங்கிறது அடிப்படையில ஒரு சின்ன ஃபேன், அவ்ளோதான். 1980ல சிட்னில காலின் சல்லிவன்ங்கிற டாக்டர் மொதமொதல்ல இத ஒரு பேஷண்டுக்கு மாட்டினப்ப வாக்குவம் கிளீனர் மோட்டாரத்தான் வச்சு ஓட்டினாரு, இப்ப அந்த மோட்டார் உள்ளங்கைக்குள்ள அடங்குற சைஸுக்கு வந்துடுச்சு. காத்த தள்ளுறதுக்கு கரண்ட் ஒரு பொருட்டே இல்ல. தண்ணிய சுட வைக்கிறதும் குழாய சுட வைக்கிறதும்தான் பேட்டரிய காலி பண்ணுது.

உங்க நம்பர் என்னோடத மாதிரியே இருக்காது. பிரஷர் 15, 16 இருக்குறவங்களுக்கு கூட வரும், மூச்ச இழுக்க ஒரு பிரஷர், விட ஒரு பிரஷர்னு குடுக்குற பைபேப் மெஷினுக்கு இன்னும் கூட வரும், மாஸ்க் லீக் ஆனா அத ஈடுகட்ட ஃபேன் வேகமா சுத்துறதால அதுக்கும் கூடும். அதனால என் நம்பர எடுத்துக்காதீங்க, உங்க வீட்ல அளந்து பாருங்க.

படி 2: சூட்ட நிறுத்துங்க

மெனுவுல ஹியூமிடிட்டிய ஆஃப் பண்ணுங்க, ஹீட்டட் டியூப் இருந்தா அதோட டெம்பரேச்சரையும் ஆஃப் பண்ணுங்க. ஹீட்டட் டியூப கழட்டிட்டு சாதா டியூப் மாட்டிட்டா இன்னும் நல்லது, தூக்கக் கலக்கத்துல கை பட்டு ஆன் ஆகுற பேச்சே இல்ல. ஏரோபிளேன் மோட் இருந்தா போட்டுடுங்க, காட்டுல எப்படியும் சிக்னல் இருக்காது, மெஷின் பாவம் தேடிட்டே இருக்கும், கொஞ்சம்தான் மிச்சமாகும், ஆனாலும் மிச்சம் மிச்சம்தான்.

பிரஷர மட்டும் கரண்ட மிச்சம் பிடிக்கிறேன்னு குறைக்காதீங்க, அது டாக்டர் சொன்ன அளவு, அதுல நம்ம கணக்கு வேண்டாம். ஹியூமிடிஃபையர் இல்லாம உங்களால தூங்க முடியுமான்னும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க, சிலருக்கு மூக்கு காஞ்சு ரத்தமே வரும்.

எனக்கும் மொத ரெண்டு ராத்திரி மூக்கு எரிஞ்சது. அப்புறம் ஒரு விஷயம் கண்டுபிடிச்சேன், ஹீட்டர் ஆஃப்ல இருந்தாலும் டப்பாவுல டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி வச்சா காத்து தண்ணிக்கு மேல போகும்போது கொஞ்சம் ஈரத்த எடுத்துக்கிட்டுதான் வருது. சுடு தண்ணி அளவுக்கு வராது, ஆனா சும்மா காஞ்ச காத்துக்கு இது எவ்வளவோ தேவல. படுக்கும்போது சலைன் ஸ்ப்ரே ரெண்டு அடி அடிச்சுக்குவேன். தண்ணி மட்டும் வீட்லேர்ந்து டிஸ்டில்டு வாட்டர் கேன் எடுத்துட்டு போயிடுங்க, ஆத்து தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கேன்னு அத ஊத்தாதீங்க. மெஷின தூக்கிட்டு நடக்கும்போது டப்பாவ காலி பண்ணிடணும், மறந்து சாய்ச்சா தண்ணி மோட்டாருக்குள்ள போயிடும்.

படி 3: பேட்டரிலேர்ந்து நேரா டிசி கேபிள், நடுவுல இன்வெர்ட்டர் வேண்டாம்

இந்த ஒரு படிய மட்டும் ஒழுங்கா பண்ணாலே பாதி பிரச்சனை தீந்துடும், ஆனா நெறைய பேரு இதத்தான் தாண்டிப் போறாங்க. வீட்ல சொருகுற அதே பிளக்க பவர் ஸ்டேஷன்ல (பிளக் பாயிண்ட்டோட வர்ற பெரிய பேட்டரி பெட்டி) சொருகினா வேலை செய்யும்தான், ஆனா உள்ள என்ன நடக்குது பாருங்க. பேட்டரியில இருக்குறது டிசி, அத இன்வெர்ட்டர் 120 வோல்ட் ஏசியா மாத்துது, அத உங்க அடாப்டர் திரும்ப 24 வோல்ட் டிசியா மாத்துது. சென்னைக்கு போக கெளம்பி பாம்பே வழியா சுத்தி வர்ற மாதிரி. அதுல போற நஷ்டம் கூட பரவால்ல, இன்வெர்ட்டர் ஆன்ல இருக்குறதுக்குன்னே தனியா கரண்ட் குடிக்கும். என்னோட பெட்டியில அது ஏறக்குறைய 8 வாட். மெஷினே 8, 9 வாட்தான் எடுக்குது, அத ஓட்டுறதுக்கு இன்வெர்ட்டர் இன்னொரு 8 வாட் எடுத்துக்கிட்டா என்ன அர்த்தம்? மூணு ராத்திரி வர வேண்டிய பேட்டரி ஒன்றரை ராத்திரியில படுத்துடும்.

அதனால உங்க மெஷினுக்குன்னு இருக்குற டிசி கன்வெர்ட்டர் கேபிள வாங்கிடுங்க, காருல சிகரெட் லைட்டர் ஓட்டையில சொருகுற மாதிரி இருக்கும், பவர் ஸ்டேஷன்லயும் அதே ஓட்டை இருக்கும். இதுல மெஷினுக்கு மெஷின் மாறும், கவனம். ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10, 11, ஏர்மினி எல்லாமே 24 வோல்ட், அதனால 12 வோல்ட்ட 24 ஆக்குற கன்வெர்ட்டர் வேணும், மூணுக்கும் பின் வேற வேற, ஒண்ணோடது இன்னொண்ணுக்கு சேராது. பிலிப்ஸ் ட்ரீம்ஸ்டேஷன் 12 வோல்ட், அதுக்கு கன்வெர்ட்டர் வேண்டாம், அதுக்குன்னு விக்கிற டிசி கேபிள் போதும் (ஆனா 2021 ஜூன்ல பிலிப்ஸ் மெஷினுக்குள்ள சத்தம் குறைக்க வச்ச ஃபோம் சிதைஞ்சு காத்துல கலக்கலாம்ங்கிற பிரச்சனைக்காக பழைய மெஷின்கள திரும்ப வாங்கினாங்க, உங்களோடது அந்த லிஸ்ட்ல இருந்துச்சா, மாத்திக் குடுத்தாங்களான்னு பாத்துக்கோங்க). கம்பெனி கேபிள் வெலை கூடதான், யாரோ செஞ்ச கேபிள் பாதி வெலைக்கு கிடைக்கும். நான் மொதல்ல அதத்தான் வாங்கினேன், கை வச்சா சுடுற அளவுக்கு காய்ஞ்சது, தூக்கி போட்டுட்டேன். தலைமாட்டுல எட்டு மணி நேரம் ஓடுற சாமான்ல கஞ்சத்தனம் வேண்டாம்.

இன்வெர்ட்டர்தான் வழின்னா ப்யூர் சைன் வேவா (வீட்டு கரண்ட் மாதிரியே சீரான அலையா வர்றது) பாத்து வாங்குங்க, மாடிஃபைடு சைன் வேவ்ல சில அடாப்டர் சூடாகும், சிலது ஹியூமிடிஃபையர் போட்டா மக்கர் பண்ணும்.

படி 4: இப்ப பேட்டரி சைஸ்

கணக்கு ரொம்ப சிம்பிள். ஒரு ராத்திரிக்கு நீங்க அளந்தது எனக்கு 70. மூணு ராத்திரிக்கு 210. இதுக்கு மேல ஒரு முப்பது சதவீதம் கூட்டிக்கோங்க, ஏன்னா குளிர்ல பேட்டரி சோந்து போகும், மாஸ்க் லீக் ஆகும், லீவ் நாள்ல எட்டு மணி நேரத்தோட எந்திரிப்பீங்களா என்ன. ஆச்சா 273. பேட்டரி மேல எழுதியிருக்குறது முழுசா வெளிய வராது, ஒரு 85, 90 சதவீதம்தான் வரும், அதனால 300 வாட்-ஹவருக்கு கொஞ்சம் மேல. அதாவது 300 சைஸ்ல ஒரு பெட்டி எனக்கு ரெண்டு ராத்திரி தாராளமா, மூணு ராத்திரி இழுத்துப் பிடிச்சு. ஜாக்கரி, ஈகோஃப்ளோ, ப்ளூயெட்டி, ஆங்கர்னு எல்லாருமே இந்த 250, 300, 500 சைஸ்ல போடுறாங்க. லித்தியம் அயன் ஃபாஸ்பேட்னு போட்டிருக்குறத எடுங்க, சாதா லித்தியத்த விட கொஞ்சம் வெயிட், ஆனா ஆயிரக்கணக்குல சார்ஜ் பண்ணலாம், சூடாகி பத்திக்கிற பயமும் கம்மி, டென்ட்டுக்குள்ள பக்கத்துல வச்சு தூங்குறவனுக்கு அது முக்கியம்.

எம்ஏஹெச் (மில்லி ஆம்ப்-ஹவர்) நம்பர பாத்து மயங்காதீங்க. பவர் பேங்க்ல 26,800ன்னு பெருசா போட்டிருப்பான், அது உள்ள இருக்குற செல்லோட 3.7 வோல்ட்டுக்கு சொல்ற கணக்கு, பெருக்கி பாத்தா 99 வாட்-ஹவர், எனக்கு ஒரு ராத்திரி. எந்த பெட்டிய எடுத்தாலும் வாட்-ஹவர் என்னன்னு தேடுங்க, அது ஒண்ணுதான் நிஜம்.

கையில காசு கம்மியா இருந்தா லெட் ஆசிட் பேட்டரி வழியும் இருக்கு. 12 வோல்ட் 35 ஆம்ப்-ஹவர் டீப் சைக்கிள்னா 420 வாட்-ஹவர், ஆனா பாதிக்கு மேல காலி பண்ணா பேட்டரி ஆயுசு போயிடும், அதனால 210தான் கையில, வெயிட்டு பத்து கிலோவுக்கு மேல. தூக்கிட்டுப் போய் டென்ட்ல வைக்கிறதுக்குள்ள முதுகு வலின்னு நான் சொன்ன பொய் நிஜமாயிடும். கார் பேட்டரியிலேயே நேரா சொருகி ராத்திரி ஓட்டுறதும் அதே மாதிரிதான், அது வண்டி ஸ்டார்ட் பண்றதுக்கு செஞ்ச பேட்டரி, ஒரு ராத்திரி தாங்கலாம், தாங்காமலும் போகலாம், காலைல காட்டுக்கு நடுவுல வண்டி ஸ்டார்ட் ஆகலன்னா என்ன பண்ணுவீங்க? டெஸ்லா வச்சிருக்குறவங்க கேம்ப் மோட் போட்டு வண்டிக்குள்ளயே தூங்கிடலாம், அவங்களுக்கு இந்த கட்டுரையே தேவையில்ல.

முதுகுல பை மாட்டி நடந்து போற பார்ட்டின்னா கத வேற. அதுக்கு ஏர்மினி மாதிரி 300 கிராம் சைஸ் மெஷினும், மெடிஸ்ட்ராம் பைலட் மாதிரி 100 வாட்-ஹவருக்கு கொஞ்சம் கம்மியான சிபேப் பேட்டரியும்தான் சரி. இந்த 100ங்கிற நம்பர் சும்மா வந்ததில்ல, ஃப்ளைட்ல கையில எடுத்துட்டு போக 100 வரைக்கும் அனுமதி கேக்க வேண்டாம், 100லேர்ந்து 160 வரைக்கும் ஏர்லைன் ஒத்துக்கிட்டா ரெண்டு பேட்டரி, அதுக்கு மேல கெடையவே கெடையாது. அதனால 300 பெட்டிய தூக்கிட்டு ஏர்போர்ட் போயிடாதீங்க, செக்-இன் லக்கேஜுலயும் ஏத்த மாட்டாங்க.

படி 5: பெட்ரூம்ல ஒரு ராத்திரி ஒத்திகை

நான் வாங்கின மொத பெட்டி, பேர் வேண்டாம். பேட்டரி ஃபுல், கேபிள் சரி, எல்லாம் சரி, வீட்ல ஒரு அரை மணி நேரம் ஓட்டி பாத்துட்டு "ஆஹா"ன்னு யோசெமிட்டி கெளம்பிட்டோம். அப்பர் பைன்ஸ் கேம்ப்கிரவுண்ட், ராத்திரி ஒண்ணே முக்கால் இருக்கும், மூஞ்சிய யாரோ தலகாணிய வச்சு அமுக்குற மாதிரி இருந்துச்சு, எந்திரிச்சு மாஸ்க்க பிடுங்கிட்டு உக்காந்தேன், நெஞ்சு படபடன்னு அடிக்குது. பக்கத்துல வீட்டம்மா எந்திரிச்சு டார்ச்ச தேடிக்கிட்டே, "என்னங்க, மெஷின் சத்தமே கேக்கல?" அப்பதான் பாத்தேன், மெஷின் ஸ்கிரீன் கருப்பு, பெட்டி ஸ்கிரீனும் கருப்பு. பட்டன அமுக்கினா 91 சதவீதம்னு சிரிக்குது!

விஷயம் என்னன்னா இந்த பெட்டிங்கள்ல நெறையவற்றுக்கு ஒரு ஆட்டோ ஆஃப் இருக்கு. கொஞ்சமா கரண்ட் போனா "யாரும் யூஸ் பண்ணல போல"ன்னு அதுவே முடிவு பண்ணி சில மணி நேரத்துல அவுட்புட்ட நிறுத்திடும். நம்ம மெஷின் 7, 8 வாட்னு குடிக்கிறது அதோட கணக்குல ஒண்ணுமே இல்ல. கரண்ட மிச்சம் பிடிச்சு பிடிச்சு அதுவே வினையா வந்து நின்னுச்சு. அன்னிக்கு மீதி ராத்திரி நாலு மணிக்கு அலாரம் வச்சு எந்திரிச்சு பட்டன அமுக்கினேன், காலைல பக்கத்து டென்ட்ல நண்பன், "மச்சி, ராத்திரி ஒண்ணே முக்காலுக்கு அப்புறம் கரடி உறுமற மாதிரி கேட்டுச்சே, நீதானா?"ன்னான். கூச்சம் அன்னியோட போச்சு.

அதனால பெட்டியோட ஆப்லயோ மெனுவுலயோ ஈகோ மோட், ஸ்டான்ட்பை, டிசி டைம்-அவுட்னு என்ன பேர்ல இருந்தாலும் தேடி "நெவர்"னு மாத்துங்க. பெட்டிக்கு ஒண்ணு, டிசி அவுட்புட்டுக்கு ஒண்ணு, ஏசி அவுட்புட்டுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா இருக்கும், எல்லாத்தையும் பாருங்க. மாத்தவே முடியாத பெட்டின்னா திருப்பி குடுத்துடுங்க. அப்புறம் வீட்ல ஒரு முழு ராத்திரி, அரை மணி நேரம் இல்ல, முழு ராத்திரி, அந்த பெட்டி, அந்த கேபிள், சூடு ஆஃப் பண்ண அதே செட்டிங்ல தூங்குங்க. காலைல எத்தன சதவீதம் எறங்கியிருக்குன்னு பாருங்க. 300 பெட்டியில எனக்கு 27 சதவீதம் எறங்கும். இந்த நம்பர் கையில வந்துட்டா மேல போட்ட கணக்கெல்லாம் மறந்துடலாம்.

படி 6: பகல்ல திரும்ப ஏத்துறது

மூணு ராத்திரிக்கு மேல தங்குறவங்களுக்குத்தான் இது. நான் மொதல்ல நம்புறது கார். கார் சாக்கெட்லேர்ந்து பெரும்பாலான பெட்டிங்க 100 வாட் வரைக்கும் ஏத்தும், ஒரு மணி நேரம் வண்டி ஓட்டினா ஏறக்குறைய 90 வாட்-ஹவர் கைக்கு வரும், எனக்கு அது ஒரு ராத்திரிக்கு மேல. கேம்ப்லேர்ந்து ட்ரெய்ல்ஹெட்டுக்கு (மலை நடைபாதை ஆரம்பிக்கிற எடம்) போயிட்டு வர்றதுலயே அன்னிக்கு தூக்கம் சம்பாதிச்சாச்சு. வண்டிய நிறுத்திட்டு நடக்கப் போகும்போது பெட்டிய வெயில்ல காருக்குள்ள விட்டுட்டு போகாதீங்க, மூடின கார் அடுப்பு மாதிரி.

சோலார் பத்தி ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க. 100 வாட் மடக்கு பேனல்னா நல்ல உச்சி வெயில்ல 60, 70 வாட் வந்தா சந்தோஷப்படுங்க. ஜோஷுவா ட்ரீல, அங்கயும் ஹூக்கப் கிடையாது, வெயில் கொட்டும், நாலஞ்சு மணி நேரத்துல பெட்டி நெறஞ்சுடும். அதே பேனல ரெட்வுட் மரத்தடியில விரிச்சு வச்சேன், 4 வாட்னு காட்டிச்சு, வீட்டம்மா அது மேல துணி காயப் போட்டாங்க. ஒரு மூலையில கிளையோட நெழல் விழுந்தாலே பாதிக்கு மேல போயிடும், அதனால மணிக்கு ஒரு தடவ திருப்பி வைக்க ஆள் வேணும். பேனல் வெயில்ல, பெட்டி நெழல்ல, இத மட்டும் மாத்தி வைக்காதீங்க.

ஜெனரேட்டர் வேண்டாம். யோசெமிட்டில ராத்திரி பத்துலேர்ந்து காலைல ஆறு வரைக்கும் அமைதி நேரம், மத்த எடத்துலயும் இதே மாதிரிதான், நமக்கு கரண்ட் வேண்டிய நேரமே அதுதான். டென்ட் பக்கத்துல வச்சா அந்த புகையில இருக்குற கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாம ஆள முடிச்சுடும், ஏற்கனவே மூச்சுக்கு மெஷின் வச்சிருக்குறவங்க அது பக்கமே போகக் கூடாது.

இன்னொண்ணு, புக் பண்ணும்போதே கேம்ப்கிரவுண்டுக்கு போன் போட்டு கேளுங்க. சில எடத்துல மாற்றுத்திறனாளிகளுக்குன்னு ஒதுக்கின சைட்ல மருத்துவ சாமானுக்கு பிளக் பாயிண்ட் இருக்கும், யாருக்கு குடுப்பாங்கன்னு அவங்கவங்க விதி இருக்கு, தேவை இல்லாம அத பிடிக்க வேண்டாம், ஆனா ஹியூமிடிஃபையர் இல்லாம முடியவே முடியாதுங்கிறவங்க கேட்டுப் பாக்கலாம்.

படி 7: டென்ட்டுக்குள்ள எப்படி வைக்கிறது

மெஷின தரையில நேரா வைக்காதீங்க, மண்ணு, எறும்பு, விடியக்காலைல டென்ட் உள்ள சொட்டுற ஈரம் எல்லாம் அதுக்குள்ள போகும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவ கவுத்துப் போட்டு அது மேல வைங்க, ஆனா தலைய விட தாழ்வா இருக்கணும், அப்பதான் குழாயில தண்ணி சேந்தாலும் மூஞ்சிக்கு வராம மெஷின் பக்கம் எறங்கும். காத்து இழுக்குற ஓட்டை டென்ட் துணியில ஒட்டாம பாத்துக்கோங்க. கேம்ப்ஃபயர் புகை வர்ற பக்கம் மெஷின வைக்காதீங்க, அந்த குட்டி ஃபில்டர் தூசிய பிடிக்கும், புகைய பிடிக்காது, ராத்திரி முழுக்க புகைய பிரஷர் போட்டு நெஞ்சுக்குள்ள ஏத்திக்கிற மாதிரி ஆயிடும். திரும்பி வந்ததும் ஃபில்டர மாத்திடுங்க.

அக்டோபர்ல யோசெமிட்டி வேலியில ராத்திரி நல்ல குளிர், மெஷின் அந்தக் குளிர அப்படியே மூக்குக்குள்ள ஊதும். குழாய ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள விட்டு கழுத்து பக்கமா வெளிய எடுத்துக்கோங்க, உடம்பு சூட்டுல காத்து கொஞ்சம் கதகதப்பாகும், குழாய்க்கு ஒரு துணி உறை போட்டா இன்னும் நல்லது, என் பழைய மஃப்ளர் ஒண்ணு இப்ப அந்த வேலையதான் பாக்குது. ஏர்சென்ஸ் 10க்கு 5 டிகிரி செல்சியஸ்லேர்ந்து 35 வரைக்கும்தான் கம்பெனி சொல்ற அளவு. பேட்டரியும் குளிர்ல சோம்பேறி ஆகும், போர்வையால லேசா சுத்தி வைங்க, காத்து போற ஓட்டைய மூடாம. ஃபாஸ்பேட் பேட்டரிய உறைநிலைக்கு கீழ இருக்கும்போது சார்ஜ் மட்டும் பண்ணவே கூடாது, காலைல வெயில் ஏறட்டும், அப்புறம் சொருகுங்க.

உயரம். அப்பர் பைன்ஸ் 4,000 அடி பக்கம், அங்க பிரச்சனை இல்ல. ஏர்சென்ஸ் 10 8,500 அடி வரைக்கும் தானா சரி பண்ணிக்கும்னு மேனுவல்ல இருக்கு, ட்யூலம்னி மெடோஸ் கேம்ப்கிரவுண்ட் 8,600 அடி. நூறு அடியில ஒண்ணும் ஆகிடாதுன்னு தோணும்தான், ஆனா உயரத்துல மூச்சு நிக்கிற வகையே சிலருக்கு மாறும், மெஷின் ஊதினாலும் மூளை மூச்சு விடச் சொல்லாம விட்டுடும். அவ்ளோ மேல போறதா இருந்தா டாக்டர்கிட்ட கேக்காம போகாதீங்க.

கரடி. கேலி இல்ல, நிஜக் கரடி. யோசெமிட்டில வாசனை வர்ற எதையும் டென்ட்டுலயோ கார்லயோ ராத்திரி விட்டு வைக்கக் கூடாது, இரும்புப் பெட்டி குடுத்திருப்பாங்க, அதுல போட்டு பூட்டணும். சாப்பாட்ட எல்லாரும் ஞாபகமா வைப்பாங்க, மாஸ்க் தொடைக்கிற லெமன் வாசனை வைப்ஸ் பாக்கெட்ட மறந்துடுவாங்க. வாசனை இல்லாத வைப்ஸா வாங்கிடுங்க, அப்பவும் பாக்கெட் பெட்டிக்குள்ளதான்.

கரண்ட் போயே போச்சுன்னா

மெஷின் நின்னா மாஸ்க்க கழட்டிடுங்க. வாய் மூக்கு ரெண்டையும் மூடுற மாஸ்க்ல வெளிக் காத்து வர ஒரு வால்வு இருக்கும், மூச்சு முட்டி செத்துட மாட்டீங்க, ஆனாலும் போட்டுக்கிட்டே தூங்காதீங்க. ஒருக்களிச்சு படுங்க, மல்லாக்க திரும்பாம இருக்க முதுகு பக்கம் பைய வச்சுக்கோங்க, தலைய கொஞ்சம் ஒசத்திக்கோங்க. அன்னிக்கு பியர், தூக்க மாத்திரை எதுவும் வேண்டாம், தொண்ட சதைய இன்னும் தளர்த்திடும். முக்கியமா மறுநாள் மலை ரோட்டுல ஸ்டியரிங்க வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க. உங்களுக்கு ஆப்னியா ரொம்ப கடுமையா இருந்தா, கூடவே இதயமோ நுரையீரலோ பிரச்சனை இருந்தா, ஒரு ராத்திரி கூட மெஷின் இல்லாம இருக்கலாமான்னு கெளம்புறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டு வச்சுக்கோங்க. அப்படிப்பட்டவங்க ரெண்டாவது பேட்டரி இல்லாம போகவே வேண்டாம்.

ஊர்லேர்ந்து அப்பா அம்மா வரும்போது அவங்க மெஷின கொண்டு வந்தா, பெரும்பாலும் அடாப்டர்ல 100-240 வோல்ட்னு போட்டிருக்கும், ட்ரான்ஸ்ஃபார்மர் வேண்டாம், பின் மாத்துற அடாப்டர் போதும், டிசி கேபிள் இங்க விக்கிறதே அதே மாடலுக்கு சேரும். ஊர்ல இருக்குறவங்களுக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் நாள்கணக்கா கரண்ட் இல்லையே. வீட்டு இன்வெர்ட்டர்ல 150 ஆம்ப்-ஹவர் பேட்டரி இருந்தா, ஃபேன் லைட்ட எல்லாம் அணைச்சுட்டு மெஷின மட்டும் ஓட்டினா சூடு ஆஃப்ல பல ராத்திரி தாங்கும், ஆனா அது ஸ்கொயர் வேவா சைன் வேவான்னு எலக்ட்ரீஷியன்கிட்ட கேட்டுக்கோங்க, பழைய வீட்டு இன்வெர்ட்டர் நெறைய ஸ்கொயர் வேவ்தான்.

ட்ரிப் முடிஞ்சு வந்ததும் ஹியூமிடிஃபையர திரும்ப ஆன் பண்ணுங்க, நான் ஒரு வாரம் மறந்துட்டு மூக்கு ஏன் எரியுதுன்னு யோசிச்சிட்டு இருந்தேன். பெட்டிய காலியாவும் வைக்காம ஃபுல்லாவும் வைக்காம ஒரு அறுபது சதவீதத்துல அலமாரியில வைங்க, மூணு மாசத்துக்கு ஒரு தடவ எடுத்து பாருங்க. டிசி கேபிள மட்டும் தனியா வைக்காதீங்க, மெஷின் பையோட சைடு ஜிப்லயே போட்டுடுங்க. போன வருஷம் அத கராஜ்ல விட்டுட்டு மெர்செட் தாண்டி பாதி மலை ஏறினப்புறம் ஞாபகம் வந்து, வண்டிய திருப்பினோம்.